கலியாண வீட்டுக் கிணறு பச்சையான காலை

எண்பத்து நான்காம் ஆண்டு தை மாதம், கோப்பாயில் ஒரு கலியாண வீட்டில் நடந்த சம்பவம் இது. நான் அந்த வீட்டுக்கு உறவும் இல்லை, அழைப்புப் பெற்றவனும் இல்லை. வீட்டு முன் ஒழுங்கையால் சைக்கிளில் போன ஆள். ஆனால் அன்று அந்தப் பந்தலில் மாப்பிள்ளை வருவதற்கு முன்னமே கதிரை போட்டு இருத்தப்பட்டவன் நான்தான். அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதைவிடப் பெரிய குறை, எனக்கு ஆட்கள் முன்னால் வாய் திறக்க வராது. நாலு பேர் கூடி நிற்பதைக் கண்டால் மற்றப் பக்கத்தால் சுற்றிப் போவேன். பஸ்ஸில் நான் இறங்குகிற இடம் வந்தாலும், நிற்பாட்டச் சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கித் திரும்பி நடந்து வருவேன். இதை என் மனைவி இன்றைக்கும் சொந்தக்காரருக்குச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த நாட்களில் நிலத்தையும் கல்லையும் பரிசோதிக்கிற ஒரு குழுவில் கூலியாளாக இருந்தேன். குழுவின் பொறுப்பதிகாரி திருகோணமலைக்காரர், இளவயது. நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அதற்கு முன் அவர் எங்கோ தொலைவில், பாதை இல்லாத மலைகளில் கூடாரம் அடித்துத் தங்கிக் கனிமம் தேடியவர். அட்டை கடித்த தழும்புகளை முழங்காலில் காட்டுவார். யாழ்ப்பாணத்துக்கு வந்த முதல் நாள், ஒரு மேடு கூட இல்லாத எங்கள் தரையைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். பிறகு துளை போடுகிற இயந்திரம் வேலை செய்யத் தொடங்கியது. நிலத்துக்குள்ளிருந்து மூங்கில் தடி போல நீளமாய், உருண்டையாய், வெள்ளைச் சுண்ணாம்புக்கல் வந்துகொண்டே இருந்தது. அதை மரப்பெட்டிகளில் வரிசையாய் அடுக்குவது என் வேலை. ஐயா ஒவ்வொரு துண்டையும் தடவிப் பார்ப்பார். "உங்கட ஊரிலும் மலை இருக்கு. நீங்கள் அதுக்கு மேல ஏறி நிண்டுகொண்டு மலை இல்லை எண்டு சொல்லுறியள்," என்பார்.

வலிகாமத்தில் ஓரிடத்தில் கல் வெட்டலாமா என்று பார்ப்பதற்காகத்தான் அந்தப் பரிசோதனை. கல் நல்ல கல். ஆனால் அந்தக் கல்லுக்குள் ஓட்டைகளும் குகைகளும் இருந்தன. மழைத் தண்ணீர் அவற்றுக்குள் இறங்கி எங்கோ போகிறது. எங்கே போகிறது என்று தெரியாமல் கல்லை வெட்டினால், யாருடைய கிணறு கெடும் என்று சொல்ல முடியாது. அதனால் மாரி மழை விட்ட கையோடு ஐயா ஒரு வேலை செய்தார். அந்தக் காணியில், கல்லுக்குள் இறங்குகிற ஒரு பிலம் இருந்தது. அதற்குள் சாயப்பொடி கரைத்து ஊற்றச் சொன்னார். பொடி செங்கல் நிறம். தண்ணீரில் விழுந்ததும் பளிச்சென்று பச்சையாகியது. நாங்கள் தயங்கி நின்றதைப் பார்த்து, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து எங்கள் முன்னால் அவரே குடித்துக் காட்டினார். உடம்புக்கு ஒன்றும் செய்யாத சாயம், மருந்துக்கும் பாவிப்பார்கள் என்றார்.

சாயம் கீரிமலைப் பக்கம் போய்க் கடலோரக் கேணியில் தலைகாட்டும் என்பதுதான் எல்லோருடைய நம்பிக்கையும். வடக்குப் பக்கத்து ஊர்களுக்கு எல்லாம் ஆள் அனுப்பி, தண்ணீர் நிறம் மாறினால் பயப்படாதீர்கள் என்று சொல்லியாயிற்று. குழுவில் கெட்டிக்காரர்கள் எல்லோரும் கீரிமலையில் நின்றார்கள். கோப்பாய்ப் பக்கம் வராது என்றாலும் பேருக்கு ஒருவர் பார்க்கவேண்டும் என்பதற்காக என்னை விட்டார்கள். ஒரு கோயில் கிணறு, வீதியோரத்தில் ஒரு பொதுக் கிணறு. காலையும் மாலையும் போத்தலைக் கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீர் எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்க்கவேண்டும். யாரோடும் கதைக்கத் தேவையில்லை. எனக்குப் பிடித்த வேலை.

ஒரு கிழமைக்கு மேலாகியும் கீரிமலையில் ஒன்றும் வரவில்லை. ஐயாவின் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டு வந்தது. சாயம் எங்கேயோ தொலைந்துவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதத்தான் வேண்டும் போலிருக்கிறது என்றார். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் நான் கோயில் கிணற்றைப் பார்த்துவிட்டுப் பொதுக் கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஒழுங்கையில் ஒரு வீட்டு வாசற் படலையில் குலை வாழை கட்டியிருந்தது. லவுட்ஸ்பீக்கரில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. நான் கிட்டப் போகும்போது அந்தப் பாட்டு நடுவில் நின்றது. வளவுக்குள்ளிருந்து பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. ஆட்கள் கிணற்றடியைச் சுற்றி நின்றார்கள். வேலி தாழ்வானது. சைக்கிளில் இருந்தபடியே எனக்கு எல்லாம் தெரிந்தது.

கிணற்றடியில் ஒரு பலகை போட்டு, பக்கத்தில் தட்டத்தில் பாலும் அறுகம்புல்லும் வைத்திருந்தார்கள். மணப்பெண்ணுக்குப் பாலறுகு வைத்துத் தோய வார்க்க, தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்ட, ஆயத்தம். பெண் பழைய சேலையோடு நின்றாள். ஆனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் கிணற்றுக் கட்டில் இருந்த வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாளி நிறையத் தண்ணீர், வாழைக் குருத்தின் நிறம். காலை வெயில் பட்டு மினுங்கியது.

எங்கள் சாயம்.

ஒரு கிழமையாக எல்லோரும் கடலோரத்தில் தேடியது இங்கே ஒரு கலியாண வீட்டு வாளியில் இருக்கிறது. என்னை அறியாமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் நிறையச் சிரித்துக்கொண்டு வேலியோரம் நின்றேன். ஊரே கலங்கி நிற்கிற இடத்தில் சிரித்துக்கொண்டு நின்ற ஒரே ஆள் நான். அதை ஒரு அக்கா கண்டுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் என்று பிறகு தெரிந்தது. நல்ல உரத்த குரல்.

"உங்கை பாருங்கோ. உவர் ஆர் வேலியடியிலை நிண்டு சிரிக்கிறது?"

எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. அப்படியே சைக்கிளை உதைத்துக்கொண்டு போய், ஐயாவைக் கூட்டி வந்தால் அவர் எல்லாம் விளங்கப்படுத்துவார் என்றுதான் முதலில் நினைத்தேன். சைக்கிளையும் திருப்பிவிட்டேன். அப்போது பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிதரைக் கண்டேன். பெண்ணின் தகப்பன். வெங்காயத் தோட்டக்காரர். காலையில் பூசிய திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அந்த முகத்தை அப்படியே விட்டுவிட்டுக் கீரிமலை வரைக்கும் போய்வர எனக்கு மனம் வரவில்லை. சைக்கிளைப் படலையில் சாத்திவிட்டு உள்ளே போனேன்.

அங்கே நடந்தது இதுதான். விடிவதற்கு முன்பே பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் தண்ணீர் அள்ளிச் சமைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அந்த வெளிச்சத்தில் யாருக்கும் நிறம் தெரியவில்லை. வெயில் வந்தபிறகுதான் வாளியைப் பார்த்திருக்கிறார்கள். அதற்குள் ஊருக்கே காணுமளவு சோறும் கறியும் கிடாரங்களில் ஆகிவிட்டன. பொறாமைக்கு யாரோ தோட்டத்து மருந்தைக் கிணற்றில் ஊற்றிவிட்டார்கள் என்று ஒரு கதை. மங்கல நாளில் கிணறு நிறம் மாறுவது கூடாத சகுனம் என்று இன்னொரு கதை. இரண்டும் மாப்பிள்ளையின் தாய்மாமன் காதில் விழுந்துவிட்டன. அவர் ஒழுங்குகள் சரியா என்று பார்க்கக் காரில் முன்கூட்டியே வந்தவர். ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். அவர் சொன்னால் மாப்பிள்ளை வீட்டில் மறு பேச்சு இல்லை. கலியாணத்தை நிற்பாட்டி, ஆவணியில் வேறு நாள் பார்ப்போம் என்று அவர் சொல்லி முடித்த நேரத்தில்தான் நான் உள்ளே போய் நின்றேன்.

"ஐசே, நீர் ஆர்?" என்று கேட்டார்.

சொல்லவேண்டியது எல்லாம் என் மனதில் ஒழுங்காக இருந்தது. கல், பிலம், தண்ணீர் ஓட்டம், சாயம். ஆனால் அத்தனை கண்கள் முன்னால் என் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அது நாங்கள் ஊத்தினது."

இதைவிட மோசமாக யாராலும் தொடங்க முடியாது. பெண்ணின் சித்தப்பா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார்.

"நாங்களெண்டா ஆரடா? ஏன் ஊத்தினனீங்கள்?"

"தண்ணி எங்கை ஓடுது எண்டு பாக்க."

"கிணத்துத் தண்ணி எங்கையடா ஓடுறது? அது கிணத்துக்குள்ளை சும்மாதானே நிக்குது."

இதற்குள் யாரோ என் சைக்கிளில் தொங்கிய பையைத் திறந்துவிட்டார்கள். "பைக்குள்ளை போத்தில் போத்திலாய் என்னவோ கிடக்குது," என்று ஒரு குரல். சித்தப்பாவின் பிடி இறுகியது. இனி அடி விழும் என்று தெரிந்தது. விளக்கம் சொல்ல எனக்கு வாயும் இல்லை, நேரமும் இல்லை. பிடியை உதறிவிட்டுக் கிணற்றுக் கட்டுக்குப் போனேன். வாளியை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தேன். மடக் மடக்கென்று, மூக்கால் வருமட்டும் குடித்தேன். சேட்டு எல்லாம் பச்சையாய் நனைந்துபோயிற்று.

வாளியை வைத்தபோது அந்த உரத்த குரல் அக்கா மட்டும் மெதுவாகச் சொன்னார். "குடிச்சிட்டுதே மனிசன்."

ஸ்ரேசன் மாஸ்ரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இருத்துங்கோ இவரை. என்ன நடக்குது எண்டு பாப்பம்," என்றார்.

பந்தலின் நடுவில் ஒரு கதிரை போட்டு என்னை இருத்தினார்கள். சுற்றிவர ஆட்கள். வாழ்க்கையில் நான் எதற்குப் பயந்து ஒளித்தேனோ அது முழுவதும் ஒரே நேரத்தில் என் மேல் வந்து இறங்கியது. ஒரு கூட்டம் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் என் கண்ணைப் பார்த்தார். ஒருவர் நாடி பிடித்தார். இருமல் வந்தது, அடக்கிக்கொண்டேன். இருமினால் கலியாணம் நின்றுவிடும் போலிருந்தது.

கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் விழவில்லை. அப்போது அந்த அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. "தண்ணி ஒண்டும் செய்யேல்லை. சமைச்சதுக்கு என்ன சொல்லுறியள்? அதையும் பாத்தால்தானே." உடனே என் முன்னால் ஒரு வாழையிலை விரிந்தது. சோறு வந்தது. உற்றுப் பார்த்தால் வெள்ளைச் சோற்றில் இலையின் நிழல் விழுந்தது போல இலேசான ஒரு பச்சை. பருப்பு வந்தது, கத்தரிக்காய்க் குழம்பு வந்தது, பூசணிக்காய் வந்தது, வாழைக்காய் வந்தது. காலையில் வெறும் தேநீரோடு வந்தவன் நான். வேறு இலை விரிக்காத பந்தலில் முதல் பந்தியும் கடைசிப் பந்தியும் நான் ஒருவனே. ஒவ்வொன்றையும் வாயில் வைக்கும்போது எல்லோரும் என் தொண்டையைப் பார்த்தார்கள்.

சமையலுக்குப் பொறுப்பாக நின்றவர் மட்டும் வேறு கவலையில் இருந்தார். குனிந்து என் காதுக்குள் கேட்டார்.

"தம்பி, குழம்புக்கு உப்புக் காணுமோ?"

"காணும் அண்ணை. நல்லாயிருக்கு."

அந்த மனிதர் நிமிர்ந்து நின்ற நிலையைப் பார்க்கவேண்டும். அதற்குப் பிறகு நான் சாவதைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

பரிமாறிக்கொண்டே அக்கா என்னைக் கேள்வி கேட்கத் தொடங்கினார். கூட்டத்துக்குச் சொல்ல வராதது, ஒரு ஆளுக்குச் சொல்ல எனக்கு வந்தது. நான் சோற்றைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன். அவர் அதை வாங்கிப் பந்தல் முழுவதும் கேட்கச் சொன்னார்.

"இவை கல்லுப் பாக்கிற ஆக்களாம். கல்லுக்குள்ளாலை தண்ணி ஓடுதாம். அங்காலை பிலத்துக்குள்ளை சாயத்தைக் கரைச்சு ஊத்தினவையாம். அது எங்கடை கிணத்திலை வந்து நிக்குதாம்."

"கீரிமலைக்குப் போகும் எண்டுதான் நினைச்சது அக்கா."

"கீரிமலைக்குப் போறனெண்டு வெளிக்கிட்ட தண்ணி, வழியிலை கலியாண வீட்டைக் கண்டிட்டு இஞ்சை வந்திட்டுதாம்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"நீர் சும்மா சாப்பிடும். இவரின்ரை பெரிய ஐயாவும் இதைக் குடிச்சவராம். வயித்துக்கு நல்லதாம்."

"நல்லதெண்டும் சொல்லேல்லை அக்கா. கெடுதல் இல்லையெண்டுதான்."

முதல் சிரிப்பு அங்கேதான் கேட்டது. யாரோ ஒரு கிழவர் பின்னால் இருந்து சிரித்தார். அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு பேர். ஆனால் ஸ்ரேசன் மாஸ்ரர் சிரிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை. சகோதரியின் மகனுக்கு ஒன்று ஆகிவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு. பொறுப்பான பெரிய ஆள் யாராவது வந்து தன் வாயால் சொன்னால் மட்டும் பார்ப்போம் என்றார். கீரிமலைக்கு ஒருவர் மோட்டார் சைக்கிளில் பறந்தார். ஆனால் முகூர்த்தம் கிட்டிக்கொண்டிருந்தது. போனவர் ஐயாவைத் தேடிப் பிடித்து வருவதற்குள் நேரம் தப்பிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

அக்கா பாயாசம் வார்க்கும்போது தாழ்ந்த குரலில் சொன்னார். "போன முறையும் கலியாணப் பதிவு எழுத்து வரைக்கும் வந்து குழம்பினது மோனை. இதுகும் நிண்டால் இந்தப் பிள்ளைக்கு இனி ஆர் வருவினம்."

அப்போது பெண்ணே வந்தாள். அந்தப் பழைய சேலையோடு, தலையை விரித்தபடி, ஆட்களை விலக்கிக்கொண்டு நேரே என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள். முகம் அழுது வீங்கியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"அண்ணை, உண்மையா ஒண்டும் செய்யாதோ?"

அக்கா எனக்காகப் பதில் சொல்ல வாயெடுத்தார். பெண் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். என் வாயால் கேட்கவேண்டும் என்று நின்றாள். எழுந்து நின்றேன். கையெல்லாம் சோறு. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் எனக்கு அவள் ஒருத்திதான் தெரிந்தாள்.

"ஒண்டும் செய்யாது தங்கச்சி. என்ரை பிள்ளையளுக்கும் குடுப்பன். பயப்படாமல் தோயுங்கோ."

எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். என் குரல் அவ்வளவு உரக்கப் போகும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அவள் என்னைக் கொஞ்சம் பார்த்தாள். பிறகு திரும்பிக் கிணற்றடிக்கு நடந்து பலகையில் போய் இருந்தாள். "அம்மா, வாங்கோ. நேரம் போகுது," என்றாள்.

ஸ்ரேசன் மாஸ்ரர் எட்டி நடந்து போய், "பொறும் பிள்ளை," என்றார்.

"பிறந்த நாளிலையிருந்து இந்தத் தண்ணிதான் மாமா. இண்டைக்கு மட்டும் நான் வேற தண்ணிக்கு எங்கை போறது?"

அவர் பலகையை விட்டு விலகி நின்றார். தாய் பாலையும் அறுகையும் மகளின் தலையில் வைத்தார். சித்தப்பா வாளியைத் தூக்கிக் கொடுத்தார். முதல் வாளி தலையில் விழுந்தது. அந்தத் தண்ணீர் வெயிலில் பச்சைக் கண்ணாடி போல அவள் மேல் வழிந்து வாழையடிக்கு ஓடியது. நான் சாமிப் படங்களில்கூட அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்ததில்லை. பெண் கண்ணைத் திறந்து, தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அவள் சிரித்ததும் சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், அழுதுகொண்டே. அவளுக்கு வார்க்க ஆளுக்காள் வாளிக்குப் போட்டி போட்டார்கள்.

ஸ்ரேசன் மாஸ்ரர் வாளியருகே குனிந்தார். வாளியில் மிஞ்சிய தண்ணீரைக் கையில் அள்ளி மணந்து பார்த்தார். பிறகு அதால் முகத்தைக் கழுவி, சால்வையால் துடைத்துக்கொண்டு, பந்தலைத் திரும்பிப் பார்த்தார்.

"லவுட்ஸ்பீக்கர்காரன் எங்கை? பாட்டைப் போடச் சொல்லுங்கோ."

பெண்ணின் தகப்பன் பந்தல் காலை விட்டது அப்போதுதான். நேரே என்னிடம் வந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பார்த்தேன். "தம்பி, தயிர் போடேல்லையே," என்றார். அதற்குமேல் அவருக்குக் கதைக்க வரவில்லை. என்னைப் போன்ற ஒருவர்தான் அவரும்.

மாப்பிள்ளை மேளதாளத்தோடு வந்தார். கதை அவருக்கு வழியிலேயே எட்டிவிட்டது. படலையில் மாப்பிள்ளையின் காலைக் கழுவப் பெண்ணின் தம்பி செம்போடு நின்றான். செம்பிலிருந்து விழுந்த பச்சையைப் பார்த்து மாப்பிள்ளை கேட்டார்.

"மச்சான், உது காலிலை ஒட்டுமோ?"

"ஒட்டினால் நல்லது அத்தான். எங்கை போனாலும் எங்கடை வீட்டு மாப்பிள்ளை எண்டு தெரியும்."

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே, கால் கழுவிய மச்சானுக்கு வழக்கப்படி மோதிரம் போட்டார். பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு, அந்த வீட்டில் அந்தப் பெண் நன்றாக வாழ்வாள் என்று அப்போதே பட்டது.

கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஐயா வந்து சேர்ந்தார். மோட்டார் சைக்கிள் நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கினார். பந்தல், மணவறை, சனம் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. நேரே கிணற்றுக்கு ஓடி, கட்டில் வயிற்றை வைத்துத் தலைகீழாகத் தொங்கினார். இரண்டு பேர் ஓடிப்போய்க் காற்சட்டையில் பிடித்துக்கொண்டார்கள். நிமிர்ந்தபோது அவர் முகம் ஒரு வாரத்துக்குப் பிறகு மலர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் கட்டிப் பிடித்துக்கொண்டார். "கோப்பாய்க்கு வந்திருக்குது. எல்லாரும் அங்க நிண்டு கடலைப் பாத்தம். நீ இஞ்ச கண்டுபிடிச்சிட்டாய்," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, நின்று சிரித்தேன், அவ்வளவுதான் என்று சொல்ல நினைத்தேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

பிறகுதான் அவருக்கு அது கலியாண வீடு என்று புரிந்தது. பெண்ணின் தகப்பனிடம் போய், இந்தப் பக்கம் வரும் என்று நினைக்காததால் முன்கூட்டிச் சொல்லாமல் விட்டோம், அது எங்கள் பிழை என்று கைகூப்பினார். தகப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பந்திக்குக் கூட்டிப் போனார். ஸ்ரேசன் மாஸ்ரர் பக்கத்தில் இருந்து, கல்லுக்குள் தண்ணீர் எப்படி ஓடும் என்று ஐயாவைத் துருவித் துருவிக் கேட்டார். ஐயா ஒரு வடையில் விரலால் ஓட்டை போட்டுக் காட்டி விளங்கப்படுத்தினார். அதை எல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்னையும் பந்திக்கு இழுத்தார்கள். வயிற்றில் ஒரு பருக்கைக்கும் இடம் இல்லை.

அந்த ஒழுங்கையில் சில கிணறுகள் மேலும் சில நாட்கள் பச்சையாக இருந்து, மெல்ல வெளுத்தன. அயலூர்களிலிருந்து ஆட்கள் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிலத்திலிருந்து தண்ணீர் இவ்வளவு விரைவாக வீட்டுக் கிணறுகளுக்கு வருகிறது என்பதை ஐயா எழுதி அனுப்பினார். அந்தக் காணியில் கல் வெட்டுகிற எண்ணம் கைவிடப்பட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் போர் வலுத்து நிலைமைகள் மாறிப் பரிசோதனை வேலை நின்றுபோயிற்று. ஐயா வேறு மலைகளுக்குப் போய்விட்டார். நான் வேறு கூலி வேலைக்குப் போனேன்.

இதற்குள் எத்தனையோ நடந்துவிட்டது. இடம்பெயர்ந்தோம், திரும்பி வந்தோம், சிரிக்க மறந்துபோன நாட்களும் இருந்தன. அந்தத் தம்பதி இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும். எனக்கு இன்றைக்கும் நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது, பஸ்ஸில் இன்றைக்கும் அடுத்த தரிப்பில்தான் இறங்குவேன், அதில் மாற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் முன்பின் தெரியாத ஒரு பெண் தன் கலியாண நாளை அப்படியே தூக்கி என்னுடைய ஒரு சொல்லின் மேல் வைத்தாளே, அன்றையிலிருந்து என் சொல்லைச் சிறியது என்று நான் நினைத்ததே இல்லை.